சோறு, உப்பு, தேங்காய்: எந்த ஆய்வை நம்பிச் சமையலை மாற்றுவது?

திருகோணமலையில் ஒரு வீட்டில் யாருக்காவது சீனியும் பிரஷரும் ஒன்றாக வந்துவிட்டால், ஒரு கிழமைக்குள் மூன்று விதமான புத்திமதி வந்து சேரும். கிளினிக்கில் சோற்றையும் உப்பையும் குறைக்கச் சொல்வார்கள். கனடாவில் இருக்கும் பெரியப்பா மகன், தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று ஒரு வீடியோ அனுப்புவார். பக்கத்து வீட்டு ஐயா, "முந்தி முட்டை கூடாது என்றார்கள், இப்ப சாப்பிடலாம் என்கிறார்கள், இந்த ஆராய்ச்சி எல்லாம் காசுக்குத்தான்" என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவார். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இரண்டு வருத்தமும் இருப்பதால் இந்த மூன்று குரலையும் நான் நன்றாகக் கேட்டிருக்கிறேன்.

ஐயாவின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. உணவைப் பற்றி வரும் ஆய்வுச் செய்திகளில் பெரும்பகுதி பலவீனமான முறைகளில் செய்யப்பட்டவை. ஆனால் எல்லாமே ஒரே முறையில் செய்யப்பட்டவை என்று நினைத்துச் சந்தேகப்படுவதில்தான் பிரச்சினை. ஆட்களைக் கேட்டு எழுதி, பல வருடம் பின்தொடரும் ஆய்வு ஒரு வகை. சீட்டுக் குலுக்கி இரண்டு அணியாகப் பிரித்து, ஆளுக்கொரு உணவு கொடுத்துப் பார்ப்பது இன்னொரு வகை. சில கிழமைகள் ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொரு பிடிச் சோற்றையும் நிறுத்துக் கொடுப்பது மூன்றாவது. வீட்டில் சீனி பார்க்கும் மெஷினை வைத்து நம் உடம்பில் நாமே பார்ப்பது நான்காவது. அம்மாவுக்காக நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது மூன்று விசயம்: சோறு, உப்பு, தேங்காய். மூன்றுக்கும் ஒரே முறையை நம்பியிருந்தால் இரண்டிலாவது பிழையான முடிவுக்கு வந்திருப்போம் என்பதுதான் இந்த ஆய்வுகளை வாசித்தபின் எனக்கு உறுதியானது.

கேட்டு எழுதும் ஆய்வுகள்

பத்திரிகையில் "இதைச் சாப்பிட்டால் இத்தனை வீதம் ஆபத்து" என்று வருவதில் பெரும்பாலானவை இந்த வகை. மிகப் பெயர்பெற்றது அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய தாதியர் ஆய்வு. 1,21,700 தாதியரைச் சேர்த்தார்கள். 1980 முதல் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று படிவம் அனுப்பிக் கேட்டார்கள். யாருக்கு என்ன நோய் வருகிறது என்று பல பத்தாண்டுகள் பார்த்தார்கள். இதய நோய் வர இருபது, முப்பது வருடம் எடுக்கும். அவ்வளவு காலம் யாரையும் அடைத்துவைத்து ஊட்ட முடியாது. அதனால் இந்த முறைக்கு ஒரு தேவை உண்டு.

ஆனால் அந்தப் படிவத்தை அம்மாவிடம் நீட்டிப் பாருங்கள். "கடந்த ஒரு வருடத்தில் தேங்காய்ப்பால் எத்தனை முறை, ஒரு முறைக்கு எத்தனை கோப்பை?" சொதிக்கு எத்தனையாம் பால், கறிக்கு எத்தனையாம் பால் என்பது கைக்கணக்கு. ஒரு சட்டிக் குழம்பை ஐந்து பேர் சாப்பிடுகிறோம். அம்மா கடைசியில் மிச்சத்தைப் பிசைந்து சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை மரக்கறி. கிண்ணியாவில் இருக்கும் சிநேகிதியின் வீட்டில் நோன்பு மாதத்தில் சாப்பாட்டு நேரமே மாறிவிடும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது மீன் குறையும், கருவாடு கூடும். அந்தக் கேள்வியை ஆனியில் கேட்டால் ஒரு பதில் வரும், மார்கழியில் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டும் பொய்யாக இருக்காது.

நினைவு தவறுவது மட்டுமில்லை, மனிதர் தங்களை அறியாமலே குறைத்துச் சொல்வார்கள். 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் நிறை இறங்கவில்லை என்று சொன்ன 10 பேரை எடுத்து, விசேடமாக அடையாளமிடப்பட்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து அவர்கள் உடம்பு உண்மையில் செலவழித்த சக்தியை அளந்தார்கள். அவர்கள் சொன்னதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. திருகோணமலை நகரத்தில் வீடு வீடாகப் போய், குரக்கன் பிட்டு சாப்பிடுவோரையும் சாப்பிடாதோரையும் பிரித்து யாருக்குச் சீனி கூட என்று எண்ணினால், குரக்கன் சாப்பிடுவோருக்கே கூட என்று வந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். சீனி இருப்பதாகச் சொன்ன பிறகுதானே பலரும் குரக்கனுக்கு மாறுகிறார்கள்? நல்ல ஆய்வாளர்கள் ஏற்கெனவே நோயுள்ளவரை விலக்கிவிட்டுத்தான் பின்தொடர்வார்கள். அப்படியும் தீராத சிக்கல் இருக்கிறது. சிவப்பரிசி தேடி வாங்குபவர் பின்னேரம் உட்துறைமுகக் கரையில் நடப்பவராகவும், மாத்திரையை ஒழுங்காகப் போடுபவராகவும் இருக்கக்கூடும். நன்மை அரிசியால் வந்ததா, நடையால் வந்ததா, கையில் இருந்த காசால் வந்ததா? கணக்கியல் திருத்தம் செய்கிறார்கள்தான். ஆனால் அளக்காததைத் திருத்த முடியாது.

இதற்கு மருத்துவ உலகம் விலை கொடுத்திருக்கிறது. பீட்டா கரோட்டின் அதிகமுள்ள காய், பழம் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பின்தொடர்ந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லின. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூட.

2013இல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சமையல் புத்தகத்திலிருந்து எழுந்தமானமாக 50 பொருட்களை எடுத்து, அவற்றையும் புற்றுநோயையும் தொடர்புபடுத்திய கட்டுரைகள் உண்டா என்று தேடினார்கள். 40 பொருட்களுக்கு இருந்தன. 264 முடிவுகளில் 191, அந்தப் பொருள் புற்றுநோயைக் கூட்டும் அல்லது குறைக்கும் என்றே சொல்லின. சமையலறையில் உள்ள ஏறக்குறைய எல்லாமே ஒன்றில் நஞ்சு அல்லது மருந்து என்றால், அந்த முறை சல்லடையாக வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் இந்த வகையை முழுதாக ஒதுக்கலாமா? கூடாது. எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் ட்ரான்ஸ் கொழுப்பைப் பாருங்கள். 1990இல் நெதர்லாந்தில் 59 பேருக்கு மூன்று மூன்று கிழமையாக வெவ்வேறு கொழுப்பைக் கொடுத்து, ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். 1993இல் தாதியர் ஆய்வு, அதை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் கூட என்றது. உடம்புக்குள் நடப்பதைச் சின்ன ஆய்வு காட்டியது. அதன் விளைவைப் பெரிய ஆய்வு காட்டியது. இரண்டு வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் சந்தித்தால் நான் நம்புவேன். பேக்கரி பற்றீஸையும் மாஜரினையும் எங்கள் வீட்டில் தயங்காமல் குறைத்தது அதனால்தான்.

சீட்டுக் குலுக்கிப் பிரித்தாலும்

சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் இரண்டு அணியிலும் நடப்பவரும் நடக்காதவரும், காசுள்ளவரும் இல்லாதவரும் சமமாகக் கலந்துவிடுவார்கள். பிறகு வரும் வித்தியாசத்தை உணவின் மேல் போடலாம். மாத்திரைக்கு இது அருமையான முறை. சாப்பாட்டில் ஆட்கள் சொன்னபடி சாப்பிடமாட்டார்கள். அமெரிக்காவில் 48,835 பெண்களை வைத்துக் கொழுப்புக் குறைந்த உணவைச் சோதித்தார்கள். சராசரி எட்டு வருடம் ஓடியது. கலோரியில் கொழுப்பை 20 வீதத்துக்கு இறக்குவது இலக்கு. பெரும்பாலானோர் அதை எட்டவேயில்லை. 2006இல் இதய நோயில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்துப் பயனில்லையா, குறைக்கவேயில்லையா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஸ்பெயினில் 7,447 பேரோடு நடந்த மத்தியதரைக்கடல் உணவு ஆய்வு 2013இல் பெரும் பரபரப்போடு வெளிவந்தது: ஒலிவ் எண்ணெயும் கொட்டைகளும் கொடுத்த அணிகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் சேர்த்து ஏறத்தாழ 30 வீதம் குறைவு. பிறகு பார்த்தால் சில இடங்களில் சீட்டே ஒழுங்காகக் குலுக்கவில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்கு விழுந்த உணவையே மற்றவருக்கும் கொடுத்திருந்தார்கள். ஓரிடத்தில் முழுக் கிளினிக்குக்கும் ஒரே உணவு. 2018இல் அந்தக் கட்டுரையை விலக்கி, திரும்பக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை, ஆனால் அதைச் சொன்ன உறுதி குறைந்தது. ஒரே சட்டியில் சமைக்கும் வீட்டில் அப்பாவுக்கு ஒரு உணவு, அம்மாவுக்கு ஒரு உணவு என்று பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது சமைப்பவருக்குத் தெரியும். தவறு அங்கே சமைத்தவர்களுடையது இல்லை. செய்ததைச் செய்தபடி எழுதாததுதான் தவறு.

அந்தக் கஷ்டத்தை முன்கூட்டியே யோசித்துச் செய்த ஆய்வும் இருக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேர். பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது தாண்டிப் பிரஷர் உள்ளவர்கள். ஆட்களுக்குப் பதிலாகக் கிராமங்களையே குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பில் கால்வாசியைப் பொட்டாசியம் குளோரைட்டாக மாற்றிக் கொடுத்தார்கள். மறுபாதி வழக்கமான உப்பு. ஏறக்குறைய ஐந்து வருடம். 2021இல் வந்த முடிவு: பக்கவாதம் 14 வீதம் குறைவு, மொத்த மரணம் 12 வீதம் குறைவு. ஆட்களின் நினைவை இங்கே நம்ப வேண்டியிருக்கவில்லை. யாரும் பழக்கத்தை மாற்றவும் வேண்டியிருக்கவில்லை, உப்புப் போத்தல்தான் மாறியது. எண்ணியதோ பக்கவாதத்தையும் மரணத்தையும். நான் வாசித்த உணவு ஆய்வுகளில் இதைப் போல் மனதுக்கு நிறைவு தந்தது வேறில்லை.

நிறுத்து ஊட்டும் ஆய்வுகள்

இவை சின்னவை, ஆனால் சுத்தமானவை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நான்கு கிழமை தங்கவைத்து, இரண்டு கிழமை ஆலைகளில் தயாரித்த பக்கற் உணவும் இரண்டு கிழமை வீட்டுச் சமையல் போன்ற உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறிய கலோரி, சீனி, கொழுப்பு, நார் எல்லாம் சமம். விரும்பிய அளவு சாப்பிடலாம். பக்கற் உணவின்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள், ஒரு கிலோவுக்குக் கிட்ட நிறை ஏறினார்கள். 2019இல் இது வெளிவந்தபோது, 20 பேர்தானே என்று சிலர் தள்ளினார்கள். ஒவ்வொருவரும் இரண்டு உணவையும் சாப்பிட்டதால் ஆள் தனக்குத்தானே ஒப்பு, வித்தியாசமும் பெரிது. அதற்கு 20 பேர் காணும். ஆனால் நான்கு கிழமையில் தெரிந்தது நாலு வருடத்தில் என்ன ஆகும் என்று இந்த முறையால் சொல்ல முடியாது.

சின்ன ஆய்வு என்றால் எதையும் காட்டலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2015இல் ஒரு பத்திரிகையாளர் வேண்டுமென்றே 15 பேரில் 18 விசயங்களை அளந்து, சொக்கலேட் சாப்பிட்டால் நிறை விரைவாகக் குறையும் என்று ஒரு சஞ்சிகையில் வெளியிட்டார்; பல நாட்டுப் பத்திரிகைகள் அப்படியே போட்டன. பதினெட்டை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பொருந்திவிட வாய்ப்பு அதிகம். எதை அளக்கப்போகிறோம் என்று முன்பே எழுதிவைத்தார்களா என்று பார்ப்பது, எத்தனை பேர் என்று பார்ப்பதைவிட முக்கியம்.

சோறு

இப்போது சமையலறைக்கு வருவோம். வெள்ளைச் சோறும் நீரிழிவும் பற்றி 2020இல் 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல், அதாவது மூன்று கோப்பைக்கு மேல் சோறு சாப்பிட்டவர்களுக்கு, ஒரு கோப்பைக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு கூட. தெற்காசியாவில்தான் அந்தத் தொடர்பு மிகப் பலமாக இருந்தது. இலங்கை அந்த நாடுகளில் இல்லை. எங்கள் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றே மூன்று கோப்பைக் கணக்கைத் தொட்டுவிடும் என்பதால் கவனிக்க வேண்டிய செய்திதான். ஆனால் அது சீனி வராதவருக்கு வருமா என்ற கேள்வி. அம்மாவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. எங்கள் கேள்வி, எந்த அரிசி, எவ்வளவு?

இதற்கு வீட்டு மெஷினே போதும், அதுதான் சிறந்ததும். ஒரே கறி, ஒரே நேரம், நிறுத்த சோறு. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் விரலில் குத்திப் பார்ப்பது. தம்பலகாமத்துச் சிவப்பு நாட்டரிசி ஒரு நாள், குத்தரிசி ஒரு நாள், வெள்ளைப் பச்சையரிசி ஒரு நாள், கோதுமை மாப் பிட்டு ஒரு நாள். பிறகு அதே வரிசையை இன்னொரு முறை. மெஷின் 15 வீதம் வரை கூட்டியோ குறைத்தோ காட்ட இடமுண்டு. அதனால் 165உம் 178உம் வேறு என்று நினைத்துக் குழம்பக் கூடாது. 165க்கும் 240க்கும் இடையில் சந்தேகம் இல்லை. அம்மாவுக்கு அரிசியின் நிறத்தைவிட அளவுதான் பெரிய வித்தியாசம் காட்டியது: சோற்றைப் பாதியாக்கி, கீரையும் மீனும் கூட்டினால் எந்த அரிசியிலும் இறங்கியது. இது அம்மாவின் உடம்பு. உங்கள் வீட்டில் வேறு மாதிரி வரலாம், அதற்காகத்தான் குத்திப் பார்ப்பது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கலாம், எனவே வைத்தியரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உப்பு

இங்கே வீட்டு மெஷின் உதவாது. பக்கவாதம் வருமா என்பதை ஒரு வீட்டில் சோதிக்க முடியாது. சீனக் கிராமங்களின் ஆய்வுதான் வழிகாட்டி. அதோடு 2001இல் 412 பேருக்கு முழுச் சாப்பாட்டையும் கொடுத்து, உப்பைப் படிப்படியாகக் குறைக்கக் குறைக்கப் பிரஷர் இறங்குவதைக் காட்டிய அமெரிக்க ஆய்வு. இரண்டு முறையும் ஒரே பக்கம் காட்டுகின்றன. அதனால் கருவாடு, ஊறுகாய், சம்பலில் அள்ளிப் போடும் உப்பு ஆகியவற்றைக் குறைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பாணிலும் உப்பு இருக்கிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

பொட்டாசியம் உப்புக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கடுமையான சிறுநீரக நோய் உள்ளவரை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே பதவிசிறிபுரப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் குடும்பங்களை வாட்டுகிறது. நீரிழிவும் சிறுநீரகத்தைத் தாக்கும். லொசார்டன், எனலப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் இரத்தத்தில் பார்த்து வைத்தியர் சம்மதிக்காமல் அந்த உப்பை யாரும் வாங்கக் கூடாது. ஆய்வு நல்லது என்பது வேறு, அதில் சேர்ந்தவர்களைப் போன்றவர்தானா நாம் என்பது வேறு. நாங்கள் சாதாரண உப்பையே குறைத்துக்கொண்டோம்.

தேங்காய்

மூன்றிலும் சிக்கலானது இதுதான். தேங்காய்க்காரர்கள் பசிபிக் தீவுகளைக் காட்டுவார்கள். டொகெலாவ், புகாபுகா தீவுகளில் தேங்காயே பிரதான உணவு, இதய நோய் அரிது என்று 1981இல் எழுதப்பட்டது உண்மை. அது அந்த மக்களின் முழு வாழ்க்கை: மீன், உடல் உழைப்பு, பேக்கரிச் சாமான் இல்லாத சாப்பாடு. எங்கள் பாட்டிமாரும் தேங்காய் சாப்பிட்டார்கள். அவர்கள் நெல்லும் குத்தினார்கள், தண்ணீரும் அள்ளினார்கள். தேங்காயை மட்டும் அதிலிருந்து பிடுங்கி எடுத்துச் சாட்சி சொல்லவைக்க முடியாது.

ஊட்டிப் பார்த்த ஆய்வுகளை 2020இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சூரியகாந்தி, ஒலிவ் போன்ற எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலை டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கூட்டியது. 2018இல் இங்கிலாந்தில் 94 பேரோடு நடந்த ஒன்றில் பட்டர்தான் கூட்டியது, தேங்காய் எண்ணெய் ஒலிவ் எண்ணெய்க்குக் கிட்டவே நின்றது. கேரளத்தில் இதய நோயுள்ள 200 பேருக்கு இரண்டு வருடம் தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் கொடுத்துப் பார்த்ததில் வித்தியாசம் இல்லை. ஆனால் மாரடைப்பில் வித்தியாசம் காண 200 பேர் காணாது. இலங்கையில் 2013இல் 60 பேருக்குத் தேங்காய்ப்பால் கஞ்சி எட்டுக் கிழமை கொடுத்த ஆய்வு, கெட்ட கொலஸ்ட்ரோல் குறைந்தது என்றது. எண்ணெய் வேறு, பால் வேறு, எதற்குப் பதிலாக எது என்பதும் வேறு. கடையில் மரக்கறி எண்ணெய் என்று விற்பது பாம் எண்ணெயாக இருந்தால், அதிலும் பாதி, கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் நிறைகொழுப்புத்தான்.

லாப்பில் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். தீராது. ஒரே ஆளின் கெட்ட கொலஸ்ட்ரோல், சாப்பாடு மாறாமலே இரண்டு பரிசோதனைக்கு இடையில் பத்துப் புள்ளி ஏறும், இறங்கும். ஆய்வுகள் சொல்லும் வித்தியாசமும் அதே பத்து. சோற்றுக்குக் கைகொடுத்த முறை தேங்காய் எண்ணெயில் கைவிடுவது இதனால்தான்.

ஆனால் அந்தப் பத்தை எதனோடு வைத்துப் பார்ப்பது என்பதில் தெளிவு கிடைக்கிறது. கிளினிக்கில் கொடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரை கெட்ட கொலஸ்ட்ரோலை 30 வீதத்துக்குமேல் இறக்கும். இங்கிலாந்தில் 5,963 நீரிழிவுக்காரரையும் சேர்த்துச் சீட்டுக் குலுக்கிச் செய்த ஆய்வில், 2003இல் வந்த முடிவின்படி, அவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தன. அங்கே கொடுத்தது மாத்திரை, ஒப்பிட்டது மருந்தில்லாத வெறும் மாத்திரை, எண்ணியது மாரடைப்பு. தேங்காய் பற்றி அப்படி ஒரு ஆய்வு இல்லை. அம்மாவுக்குச் சொதியும் சம்பலும் அளவோடு தொடர்கின்றன; பொரியல் எப்போதாவது ஒரு நாள்; சமைக்கிற எண்ணெயில் பாதி சூரியகாந்தி. தேங்காய் நல்லதா கெட்டதா என்ற வாதத்தை வைத்து அம்மா இரவில் போடும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்துவதற்கு மட்டும் நான் இடம் கொடுக்கவில்லை.